ஓஸ்மோ மறந்த பத்துச் சொற்கள்

பதினோரு செப்டம்பர் மாதங்கள் ஓஸ்மோ கெட்டுனென் மந்தபுத்திக்காரனாக நடித்தான். அதற்குப் பிறகு நடிக்க வேண்டிய அவசியமே அவனுக்கு வரவில்லை.

நடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் ரைமோ, அணித்தலைவன். ஹாலிவாரா ஊரின் ஐஸ் ஹாக்கி அணிக்குக் கோடாரிகள் என்று பெயர். பருவம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு செப்டம்பரிலும் அணி மருத்துவர் ஸாகரி ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்து ஞாபகப் பரீட்சை வைப்பார். எல்லோருக்கும், எல்லா வருஷமும் அதே பதினைந்து சொற்களை வாசிப்பார். கேட்டவன் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னதைத் தன் கையால் தாளில் எழுதிக் கையொப்பம் போடுவார். பருவத்தின் நடுவில் எவனுக்காவது மண்டையில் அடிபட்டால் மறுபடியும் அதே பரீட்சை. செப்டம்பரில் சொன்ன அளவுக்குச் சொல்லிவிட்டால் களத்தில் இறங்கலாம். குறைந்தால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். வீட்டில் உட்கார்ந்தவனின் இடத்தில் வேறொருவன் ஆடுவான், அவன் நன்றாக ஆடிவிட்டால் உட்கார்ந்தவன் கதை அத்தோடு முடிந்தது.

எனவே செப்டம்பரில் தெரிந்ததையெல்லாம் சொல்கிறவன் பிழைக்கத் தெரியாதவன். தலை தெளிவாக இருக்கும்போதே குறைத்துச் சொல்லி வைத்துவிட்டால், தலை கலங்கிய பிறகும் அந்த அளவை எட்டிப் பிடித்துவிடலாம். இதுதான் உடைமாற்றும் அறையின் ஞானம். முதல் வருஷம் ஓஸ்மோ பதினைந்தில் பதினான்கைச் சொல்லத் தயாராகப் போனான். வாசலில் நிறுத்தி ரைமோ சொன்னான்.

“டேய், நீ என்ன வாத்தியார் வேலைக்கா வந்திருக்கே? அஞ்சு சொல்லு, தலையச் சொறி, வெளிய வா.”

ஓஸ்மோ அப்படியே செய்தான். சொன்னதைச் செய்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

அவன் காகித ஆலைக்காரர் மகன். ஹாலிவாராவில் பாதிப்பேர் அப்படித்தான். ஏரி உறைந்ததும் பள்ளிக்கூடம் விட்டுச் சறுக்குக் காலணியைக் கட்டிக்கொண்டு இறங்கினால், தாய் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்ட பிறகுதான் கரையேறுவான். வேகம் பெரிதாக இல்லை, கோல் போடும் கையும் இல்லை. ஆனால் பயம் என்பதை ஆண்டவன் அவனுக்கு வைக்க மறந்துவிட்டார். எதிராளி மட்டையால் ஓங்கி அடித்த ரப்பர் வட்டு வரும் பாதையில் குப்புற விழுந்து மறிப்பான். தாடையில், விலாவில், தொடையில் எங்கே பட்டாலும் எழுந்து நிற்பான். கோல் போட்டவனின் படம் மறுநாள் பத்திரிகையில் வரும், இவனுக்கு ஐஸ் மூட்டை வரும். இருந்தும் அவன் எழுந்து நிற்கும்போது அரங்கமே காலால் தரையைத் தட்டும். அந்தத் தட்டலுக்காகவே அவன் மறுபடியும் விழுவான். தட்டிய ஐயாயிரம் பேரில் ஒருவரும் பிற்பாடு அவன் வீட்டுக் கதவைத் தட்டவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இருபத்தியொரு வயதில் சேர்ந்தான், முப்பத்திரண்டில் நின்றான். நடுவில் ஒருமுறை பெரிய அணி ஒன்று கூப்பிட்டது. ரைமோ போகாதே என்றான், இவனும் போகவில்லை. பதினோரு பருவங்களில் நாலு முறை மண்டையில் பலத்த அடி. முதல் அடிக்குப் பிறகு வீட்டுக்கு வந்து காப்பியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றான். இரண்டாவது முறை பின்னாலிருந்து ஒருவன் தள்ளி, களத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரில் முகம் மோதியது. அன்றைக்கு எந்த ஊரில் ஆடுகிறோம் என்று பெஞ்சில் பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். ஒவ்வொரு தடவையும் கிளப் பத்திரிகைகளுக்கு ஒரே வரியை அனுப்பும்: “மேலுடம்பில் காயம்.” எதிரணிக்கு விவரம் தெரியக்கூடாது என்பது வழக்கம். மேலுடம்பாம். தலை மேலுடம்பில்தானே இருக்கிறது, பொய் சொன்னார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? நாலாம் நாள் டாக்டர் ஸாகரி அதே பதினைந்து சொற்களை வாசிப்பார். ஓஸ்மோ ஐந்தைச் சொல்வான். சனிக்கிழமை களத்தில் இருப்பான்.

அவன் மனைவி ஐலா தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை பார்ப்பவள். வாயாடி என்று ஊரில் பேர். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினாலே எங்கள் ஊரில் வாயாடிதான். இந்த நடிப்பு விஷயம் அவளுக்கும் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முன்பு அணி கொடுக்கும் விருந்தில் ஆட்டக்காரர்களே அதை நடித்துக் காட்டுவார்கள். ரைமோ எழுந்து ஓஸ்மோவைப் போலத் தலையைச் சொறிந்து, வாயைப் பிளந்து, “இன்னொண்ணு... இன்னொண்ணு என்னவோ சொன்னீங்களே டாக்டர்” என்பான். டாக்டர் ஸாகரியும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருப்பார், கண்ணில் நீர் வரச் சிரிப்பார். பெண்டாட்டிமார் எல்லோரும் சிரிப்பார்கள். ஐலாவும் சிரித்தாள். பிற்பாடு அவளுக்கு யார் மேல் வந்த கோபத்தையும்விட இந்தச் சிரிப்பின் மேல் வந்த கோபம்தான் அதிகம்.

ஆட்டத்தை விட்டதும் அரங்கத்திலேயே வேலை கிடைத்தது. இடைவேளையில் பனித்தரையை வழவழப்பாக்கும் வண்டியை ஓட்ட வேண்டும். பிள்ளைகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையசைப்பார்கள், அவனும் அசைப்பான், சந்தோஷமாகத்தான் இருந்தான். மூன்றாம் வருஷம் வண்டியின் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்தான். அடுத்த மாதமும் மறந்தான். மூன்றாம் முறை, தண்ணீரைத் திறந்தபடி வண்டியை நடுத்தரையில் விட்டுவிட்டு வீட்டுக்கே நடந்து வந்துவிட்டான். வேலை போயிற்று. ரைமோதான் அப்போது கிளப்பின் மேலாளர். வருத்தமாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

நாற்பது வயதில் ஓஸ்மோவுக்கு வீட்டுச் சாவி எங்கே என்று தெரியாது. அடுப்பில் வைத்த பால் தெரியாது. வெளிச்சம் பட்டால் தலைவலி, சத்தம் கேட்டால் எரிச்சல். நகரத்துப் பெரிய மருத்துவமனையில் மூன்று நாள் வைத்துச் சோதித்தார்கள். அடிமேல் அடி வாங்கியதால் மூளைக்கு வந்த சேதம், சரியாகாது, இனி வேலை செய்ய முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆட்டக்காரனுக்கு ஆட்டம்தான் வேலை. வேலையில் பட்ட காயத்துக்கு நஷ்டஈடும் மாதாந்திர உதவித்தொகையும் கொடுக்க இன்சூரன்ஸ் இருக்கிறது. ஐலா விண்ணப்பித்தாள்.

பதில் வந்தது. கிளப்பிலிருந்து பெற்ற பதினோரு பரீட்சைத் தாள்களின் நகல்களை இணைத்திருந்தார்கள். விண்ணப்பதாரர் ஆரோக்கியமாக இருந்த இளம் வயதிலேயே பதினைந்தில் ஐந்து சொற்களுக்குமேல் நினைவில் வைத்துக்கொள்ள இயலாதவராக இருந்திருக்கிறார்; இன்றும் ஐந்துதான் சொல்கிறார்; எனவே இழப்பு எதுவும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை; அவருடைய குறைபாடு பிறவியிலேயே உள்ளது.

பிறவியிலேயே! ஐலா அந்தக் கடிதத்தை நின்றபடி வாசித்தாள், உட்கார்ந்து வாசித்தாள், பிறகு கசக்கி விறகடுப்பில் போடப் போய், வேண்டாம், வேண்டியிருக்கும் என்று நிமிர்த்தி மடித்து வைத்தாள். பதினோரு வருஷம் உடம்பைக் கொடுத்தவனைக் கறிவேப்பிலை மாதிரி தூக்கியெறிந்தார்கள், சரி. இலைக்கு ஆரம்பத்திலிருந்தே வாசனை இல்லை என்றும் சேர்த்துச் சொன்னால் யாருக்குப் பொறுக்கும்? அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இவனைக் கெடுத்தது ஆட்டம் என்று யாராவது ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மேல்முறையீட்டு மன்றத்தில் நடிப்பைப் பற்றிச் சொல்லிவிடுவோம் என்றாள். ஓஸ்மோ மறுத்தான். கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

“உள்ள நடந்தது உள்ளயே இருக்கணும், ஐலா. பசங்க இன்னும் ஆடிக்கிட்டிருக்காங்க.”

“உனக்கு என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரிய வேண்டாமா?”

“நான் காட்டிக்கொடுக்கறவன் இல்ல.”

மகளின் பிறந்தநாள் மறந்தவனுக்கு, மாமியார் இறந்துபோனது மறந்தவனுக்கு, உடைமாற்றும் அறையின் சட்டம் மட்டும் மறக்கவில்லை. எதை எதையோ அடித்து நொறுக்கியவர்கள் இதை மட்டும் பத்திரமாக விட்டுவைத்திருந்தார்கள். ஐலா எழுந்துபோய் ஏரிக்கரையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். வந்தவள், நீ பேசவே வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன் என்றாள்.

ஆனால் எதை வைத்துப் பேசுவது? பழைய ஆட்டக்காரர்கள் நாலு பேருக்குப் போன் செய்தாள். ஒருவன் எடுக்கவில்லை. ஒருவன் மீன் பிடிக்கப் போகிற அவசரத்தில் இருந்தான். ஒருவனுக்குக் கிளப்பில் வேலை. நாலாமவன் மட்டும் மனம்விட்டுப் பேசினான், கடைசியில், என் பெயரை மட்டும் எங்கேயும் சொல்லிவிடாதே என்றான். ஊரிலும் ஆறுதல் கிடைக்கவில்லை. நெருப்போடு விளையாடினால் சுடாதா, தெரிந்துதானே போனான் என்று கடைத்தெருவில் அவள் காதுபடவே பேசினார்கள். காலால் தரையைத் தட்டிய அதே ஆட்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பதினோரு தாள்களையும் சமையலறை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதுவரை அவள் அவற்றில் ஐந்து என்ற எண்ணைத்தான் பார்த்திருந்தாள். அன்றைக்குத்தான் எண்ணுக்கு மேலே டாக்டர் எழுதியிருந்த சொற்களைப் படித்தாள். படகு, மணி, குதிரை, ஏணி, ரொட்டி. அடுத்த வருஷத் தாளை எடுத்தாள். படகு, மணி, குதிரை, ஏணி, ரொட்டி. இருபது வருஷம் தபால் பிரித்தவள் அவள். ஒரே விலாசம் இரண்டு தடவை கண்ணில் பட்டாலே கை நின்றுவிடும். பதினோரு தாளிலும் அதே ஐந்து, அதே வரிசை. தாளின் ஓரத்தில் அச்சிட்டிருந்த பட்டியலின் முதல் இரண்டு சொற்கள், கடைசி மூன்று சொற்கள். நடுவில் இருந்த பத்தில் ஒன்றுகூட ஒரு வருஷம்கூட வாய் தவறியும் வரவில்லை.

ஜன்னலோரம் ஓஸ்மோ காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் இதைக் காட்டவில்லை. காட்டினால், காட்டிக்கொடுக்கிறாயா என்பான்.

விசாரணை நாளன்று அவனுக்கு அணியின் சின்னம் குத்திய பழைய கோட்டு. அதைத்தான் போடுவேன் என்று பிடிவாதம். மன்றத்தின் தலைவி நரைத்த தலை, குரலை உயர்த்தாத பெண்மணி. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் இளைஞர், நல்ல மரியாதைக்காரர். மரியாதையாகவே ஒரு மனிதனைப் பிறவி மந்தம் என்று மூன்று தடவை சொன்னார்.

இன்சூரன்ஸ் தரப்பின் முதல் சாட்சி ரைமோ. வேலிக்கு ஓணான் சாட்சி. ஐலா மேல்முறையீட்டில் எழுதியிருந்தபடி, ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே குறைத்துச் சொல்லும் வழக்கம் உண்டா என்று தலைவி கேட்டார்.

“அப்படி ஒரு பழக்கம் எங்க அணியில இருந்ததா எனக்குத் தெரியாதுங்க” என்றான் ரைமோ. தண்ணீர் குடித்தான். “ஓஸ்மோ நல்லவன். ஆனா எப்பவுமே கொஞ்சம் மெதுவான ஆளு.”

சொல்லும்போது ஓஸ்மோ இருந்த பக்கம் திரும்பவில்லை. ஓஸ்மோ நண்பனைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனையாவது பொறுத்துக்கொள்ளலாம். மறைத்த பிறகு சோறு போட்டவனையே குறை சொல்கிறானே என்று ஐலா பற்களைக் கடித்துக்கொண்டாள். அவள் முறை வந்ததும் தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“அம்மா, ஞாபகசக்தி இல்லாதவன் ஒரு வருஷம் ஒண்ண மறப்பான், அடுத்த வருஷம் வேற ஒண்ண மறப்பான். என் புருஷன் பதினோரு வருஷம் அதே பத்தை மறந்திருக்கார். அதுவும் வரிசை மாறாம. மறக்க வேண்டியது எதுன்னு இவ்வளவு சரியா ஞாபகம் வச்சிருக்கிறவரா மந்தம்?”

மருத்துவமனைச் சோதனையையும் காட்டினாள். இப்போது ஓஸ்மோ சொல்லும் ஐந்து ஒவ்வொரு தடவையும் வேறு வேறு, அரைமணி கழித்துக் கேட்டால் ஒன்றுகூட இல்லை. தலைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினோரு தாள்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார்.

வக்கீல் சளைத்தவரா? அப்படியானால் உங்கள் கணவர் பதினோரு வருஷம் மருத்துவரை ஏமாற்றியதாக நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள், ஏமாற்றி வாங்கிய அனுமதியோடு ஆடியவருக்கு இன்சூரன்ஸ் எப்படிப் பொறுப்பாகும் என்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நடிக்கவில்லை என்றால் பிறவி மந்தம், நடித்தான் என்றால் மோசக்காரன். எப்படிப் போட்டாலும் பூ அவர்களுக்கு, தலை அவர்களுக்கு. தலைவி இருபது நிமிடம் இடைவேளை விட்டார். அந்த இருபது நிமிடமும் ஐலா ஓஸ்மோவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் அடியில் டாக்டரின் கையொப்பம் இருந்தது.

அடுத்த சாட்சி டாக்டர் ஸாகரி. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினவர். தன் ஆட்டக்காரர்களின் நலன்தான் தனக்கு முக்கியம் என்று அவரே ஆரம்பித்தார். ஐலா தாளை நீட்டினாள்.

“இது உங்க கையெழுத்துதானே டாக்டர்?”

“ஆமா.”

“பதினோரு வருஷம் அதே அஞ்சு வார்த்தைய உங்க கையாலயே எழுதியிருக்கீங்க. ஒரு தடவைகூட ஒண்ணும் தோணலையா?”

தாம் வருஷத்துக்கு முப்பது பேரைப் பார்க்கிறவர், ஒருத்தர் போன வருஷம் என்ன சொன்னார் என்பதெல்லாம் நினைவில் நிற்காது என்றார் டாக்டர்.

“போன வருஷத்த விடுங்க. அன்னிக்குக் காலையில முன்னாடி வந்துட்டுப் போனவர் சொன்னது? அவருக்கும் முன்னாடி வந்தவர் சொன்னது?”

டாக்டர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தன் காகிதங்களைப் பார்த்தார். தலைவி மெல்லிய குரலில், அந்தப் பதினோரு வருஷத்துத் தாள்கள் அத்தனையையும் வரவழைக்க மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதை டாக்டருக்கு நினைவூட்டினார். பெயர்களை மறைத்துவிட்டுச் சொற்களை மட்டும் பார்த்தால் போதும் என்றார். டாக்டர் ஸாகரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

“வரவழைக்க வேண்டாங்க” என்றார். “எல்லாரும் அதே அஞ்சுதான் சொன்னாங்க.”

தெரிந்தும் ஏன் எழுதினீர்கள் என்று தலைவி கேட்டதற்கு, எழுதாவிட்டால் எழுதுகிற வேறு டாக்டரைக் கொண்டுவந்திருப்பார்கள் என்று பதில் வந்தது. ஓஸ்மோவும் அந்தப் பயத்தில்தான் ஐந்தைச் சொன்னான். ஆனால் டாக்டரின் தலை இன்றும் நன்றாக இருக்கிறது, கோடையில் படகு விடுகிறார், ஒவ்வொரு பறவையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பயம் எல்லோருக்கும் பொதுவாம், அடி மட்டும் ஒருவனுக்காம்.

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு தபாலில் வந்தது. ஐலாவே தன் நிலையத்தில் பிரித்த தபாலில் அது இருந்தது. சட்டப்படி அதை வீட்டுப் பெட்டியில்தான் போட வேண்டும். அவள் சட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு மதியமே வீட்டுக்கு வந்தாள். கிளப்புக்குத் தெரிந்து நடந்த வழக்கம் என்பதால் ஓஸ்மோவை ஏமாற்றினவன் என்று கொள்ள முடியாது. காயம் வேலையில் ஏற்பட்டது. பிறவிக் குறைபாடு என்பதற்கு ஆதாரம் இல்லை. கீழே மூன்று கையெழுத்துகள். அதில் காயம் வேலையில் ஏற்பட்டது என்ற வரியை மட்டும் அவள் ஓஸ்மோவுக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். அவன் திரும்ப வாசிக்கச் சொன்னான். வாசித்தாள்.

“ரைமோகிட்ட சொல்லணும்” என்றான். “அவன் ரொம்ப சந்தோஷப்படுவான்.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பட்டியல் போட்டுச் சொல்லியிருக்கலாம், அவன் உன்னை என்ன சொன்னான் தெரியுமா என்று ஆரம்பித்து. சொன்னால் ஓஸ்மோ அழுவான், சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவான், மறுபடியும் ரைமோவிடம் சொல்ல வேண்டும் என்பான். அவள் தொலைபேசியை எடுத்து எண்ணைத் தானே அழுத்தி, அந்தப் பக்கம் குரல் வந்ததும் அவன் கையில் கொடுத்தாள். ரைமோ கேட்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றாள்.

“ரைமோ, நான்தாண்டா ஓஸ்மோ. ஜெயிச்சுட்டோம்டா. அன்னிக்கு அவ்வளவு தூரம் எனக்காக வந்து பேசினியே, வேற ஒருத்தனும் வரல. அதுக்கு நன்றி சொல்லத்தான் போட்டேன்.”

ஓஸ்மோ தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான், மறுபடியும் காதில் வைத்தான். “கேட்குதாடா?” என்றான். ஐலா அதை அவன் கையிலிருந்து வாங்கவில்லை.